மதனப்பள்ளிக்கு வந்த ஆசிரியர்கள்

கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூரை அடைந்து, அங்கிருந்து மேற்கு நோக்கிப் பேருந்தில் புறப்பட்டால், பலமனேரை நெருங்கும்போது சாலை மலையேறுகிறது. அடுத்து, குட்டையான பசுக்களுக்குப் பெயர்பெற்ற புங்கனூர். அதற்கும் அப்பால், தக்காளிச் சந்தையால் நாடறிந்த மதனப்பள்ளி. வழிநெடுகப் பெயர்ப் பலகைகள் தெலுங்கில் இருக்கும். கடைக்குள் நுழைந்து தமிழில் கேட்டாலும் பல இடங்களில் விடை கிடைக்கும். 1911ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரை சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. எல்லைக் கோடுகள் மாறினாலும் இரு மொழிகளின் உறவு மாறவில்லை.

பெரிய நகரங்களிலிருந்து விலகி நிற்கும் இந்த மேட்டு நிலத்திற்கு, ஏறத்தாழ 120 ஆண்டுக் காலத்தில், கடல் கடந்து பல ஆசிரியர்கள் வந்தார்கள். சமயப் பணிக்காக வந்தவர்கள் உண்டு. அரசியல் சூழலால் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. போர்க்காலத்தில் சிப்பாயாக வந்து, கல்வியின் மீது கொண்ட பற்றினால் தங்கிவிட்டவரும் உண்டு.

பணி ஓய்வுக்குப் பின் ஓராண்டேனும் வேறொரு நாட்டின் சிற்றூரில் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற விருப்பம் நம் வாசகர்களில் சிலருக்கு இருக்கக்கூடும். கல்லூரி முடித்த பிள்ளைகள் அத்தகைய ஆசையுடன் பெற்றோரை அணுகுவதும் இன்று புதிதன்று. போய் வருவது எளிது. போனவர் திரும்பிய பின் அந்த ஊரில் என்ன எஞ்சுகிறது என்பதே கடினமான கேள்வி. அதற்கு மதனப்பள்ளியின் வரலாறு தெளிவான விடையைத் தருகிறது.

முதலில் மொழி

அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853ஆம் ஆண்டில் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். வேலூர், ஆரணி, சித்தூர் வட்டாரங்களில் அதன் பள்ளிகளும் மருந்தகங்களும் பரவின. அந்த மிஷனில் பணியாற்ற 1860ஆம் ஆண்டு இந்தியா வந்தவர் ஜேக்கப் சேம்பர்லின். மருத்துவமும் கற்றிருந்த அவர், 1863ஆம் ஆண்டில் மதனப்பள்ளியில் மிஷன் நிலையத்தை ஏற்படுத்தினார்.

புதிதாக வருபவர்கள் உள்ளூர் மொழியைக் கற்றுத் தேறிய பிறகே முழுப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது அக்கால மிஷன்களின் பொது வழக்கம். சேம்பர்லின் தமிழைக் கற்றார். பிறகு தெலுங்கில் ஆழ்ந்த புலமை பெற்று, தெலுங்கு விவிலியத்தைத் திருத்தும் பணியிலும் பங்கேற்றார். 1908ஆம் ஆண்டு அவர் மறைந்ததும் மதனப்பள்ளியிலேயே. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில், பல மிஷன்கள் ஒன்றிணைந்து இவ்வூருக்கு அருகே எழுப்பிய காசநோய் மருத்துவமனையால் அவ்விடமே ஆரோக்கியவரம் என்று பெயர் பெற்றது.

அவர்களுடைய கல்விப் பணிக்குப் பின்னால் சமயம் பரப்பும் நோக்கம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை. உதவி செய்ய வருபவர் தம்மோடு எதைக் கொண்டுவருகிறார் என்பதை ஊரார் அறிந்திருப்பது நல்லதே. ஆயினும், கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்து, உள்ளூர் முன்ஷியிடம் அரிச்சுவடி தொடங்கிப் படித்தார் என்ற செய்தியை இன்றைய தன்னார்வலர்களும் கவனிக்க வேண்டும்.

அயர்லாந்துத் தம்பதியர்

அன்னி பெசண்ட் அம்மையார் 1915ஆம் ஆண்டில் மதனப்பள்ளியில் தியசாபிகல் கல்லூரியைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவருடைய அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தவர்கள் அயர்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் தம்பதியர். கணவர் கவிஞர், மனைவி இசையில் பட்டம் பெற்றவர். பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடி இலண்டனிலும் அயர்லாந்திலும் சிறை சென்றவர்.

ஜேம்ஸ் கசின்ஸ் வந்தது ஆசிரியராக அல்ல. பெசண்ட் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழின் இலக்கியப் பகுதியைக் கவனிக்கவே அவர் அழைக்கப்பட்டார். 1916ஆம் ஆண்டில் அயர்லாந்தில் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியைப் போற்றி அவர் எழுதிய கட்டுரையால் அந்த வேலை பறிபோயிற்று. அதன் பின்னரே ஆங்கிலம் கற்பிக்க மதனப்பள்ளிக்கு வந்தார். பிற்பாடு அக்கல்லூரியின் முதல்வராகவும் உயர்ந்தார். எதிர்பாராத இழப்பு ஒன்று சிற்றூருக்கு நல்லாசிரியர் ஒருவரைத் தந்தது.

1919ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், தென்னிந்தியப் பயணத்தால் களைத்திருந்த இரவீந்திரநாத் தாகூர் ஓய்வுக்காக இக்கல்லூரியில் தங்கினார். ஒரு மாலை நிகழ்ச்சியில் மாணவர்களுக்கு அவர் வங்காளப் பாடல் ஒன்றைப் பாடிக் காட்டினார். அதுவே 'ஜன கண மன'. மார்கரெட் கசின்ஸ் அதன் இசையை மேலைநாட்டு இசைக்குறிப்பில் எழுதிவைத்தார். தாகூர் அப்பாடலை அங்கேயே ஆங்கிலத்தில் பெயர்த்து, 'இந்தியாவின் காலைப் பாடல்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். நாடு அதைத் தன் கீதமாக ஏற்றது 1950ஆம் ஆண்டில். மதனப்பள்ளி மாணவர்களோ அதற்கு வெகு காலம் முன்பே தங்கள் கல்லூரியின் காலை வழிபாட்டில் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மார்கரெட்டின் பணி வகுப்பறையோடு நிற்கவில்லை. 1917ஆம் ஆண்டில் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அதே ஆண்டு டிசம்பரில், இந்தியப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்க, எட்வின் மாண்டேகுவைச் சந்திக்கும் தூதுக்குழுவை ஏற்பாடு செய்தவரும் அவரே. ஆனால் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சரோஜினி நாயுடு. அயல்நாட்டவர் ஒருவர் ஏற்பாடுகளைச் செய்துவிட்டு, பேசும் உரிமையை உள்நாட்டவரிடம் விட்டு விலகி நின்ற இந்தப் பண்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. 1927ஆம் ஆண்டு பூனாவில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்கும் அவர் எழுதிய கடிதங்களே தொடக்கம்.

1932ஆம் ஆண்டில் பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். 1940களில் பக்கவாதத்தால் முடங்கினார். 1954ஆம் ஆண்டு இறுதி மூச்சு வரை இந்தியாவே அவருடைய வீடாக இருந்தது. ஜேம்ஸ் கசின்ஸ் 1956ஆம் ஆண்டில் மதனப்பள்ளியில் காலமானார்.

நீல்பாக்கின் மணிகள்

மூன்றாமவரின் கதை, நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கே வந்து சேரும் கதை.

மதனப்பள்ளியிலிருந்து சிறிது தொலைவில் ரிஷி வேலி பள்ளி இருக்கிறது. இவ்வூரில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் உருவான அப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் டேவிட் ஹார்ஸ்பரோ. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்ற இந்தியா வந்தவர் அவர். பள்ளிப் பாடநூல்கள் பலவற்றை எழுதியவர் என்ற பெயரும் பெற்றார். வசதியான வாழ்வு அமைந்திருந்தும் அவர் மனம் நிறைவடையவில்லை.

1972ஆம் ஆண்டில், ஆந்திர எல்லையை ஒட்டி, கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ள ராயல்பாடு அருகே, மனைவியுடனும் மகனுடனும் 'நீல்பாக்' என்ற பள்ளியைத் தொடங்கினார். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. தேர்வு இல்லை, பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. வயதின்படி வகுப்பு பிரிக்காமல், சிறியவரும் பெரியவரும் சேர்ந்து அமர்ந்து அவரவர் வேகத்தில் படித்தார்கள். கணக்கு, ஆங்கிலம், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகியவற்றோடு தச்சு வேலை, கொத்து வேலை, தையல், தோட்டவேலை ஆகியவையும் பாடங்களாக இருந்தன.

ஹார்ஸ்பரோ 1984ஆம் ஆண்டில் மறைந்தார். ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் நடந்த பள்ளியின் கதை வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவர் தம் இறுதி ஆண்டுகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்ததோடு, இளைஞர்கள் சிலரைத் தம்முடன் தங்கவைத்து ஆசிரியப் பயிற்சியும் அளித்திருந்தார். அவ்வாறு பயின்றவர்களில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் 1980களின் பிற்பகுதியில் ரிஷி வேலியின் கிராமப்புறப் பள்ளிகளுக்குப் பொறுப்பேற்றார்கள்.

அவர்கள் முன் இருந்த சிக்கல், இந்தியக் கிராமங்கள் அனைத்துக்கும் பொதுவானது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். விதைப்புக்கும் அறுவடைக்கும் பிள்ளை பத்து நாள் வராமல் போனால், திரும்பி வரும்போது பாடம் அவனை விட்டு முன்னே போயிருக்கும். இதற்கு விடையாக அவர்கள் பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் விலங்கு அல்லது பொருளின் படம் ஒன்று இருக்கும். அந்தப் படம், செய்ய வேண்டிய செயல் இன்னது என்று பிள்ளைக்கு உணர்த்தும். சுவரில் 'கற்றல் ஏணி' என்ற வரைபடம். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து வந்தாலும் விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், இம்முறையை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் அறிமுகம் செய்தார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குச் சென்று கற்றுவந்து, அட்டைகளைத் தமிழில் உருவாக்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் அது தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வந்தது. ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார்.

இம்முறைக்கு விமர்சனங்களும் எழுந்தன. அட்டைகளே ஆசிரியர் ஆகிவிடக் கூடாது என்றார்கள். பெரிய வகுப்புகளில் இதை நடத்துவது கடினம் என்றும் கூறினார்கள். இன்று தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' என்ற வேறு திட்டம் நடைமுறையில் உள்ளது. கல்வி முறைகள் மாறுவது இயல்பே. எனினும் எல்லையோரச் சிற்றூரில் ஒருவர் ஊன்றிய விதை, அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பின் இலட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளின் கைகளில் அட்டையாக வந்து சேர்ந்தது என்பது வரலாறு.

புறப்படுவோர் கவனத்திற்கு

இவர்களின் கொள்கைகள் வேறு, காலங்களும் வேறு. பொதுவாக இருப்பவை மூன்று. ஊரின் மொழியையும் வாழ்வையும் கற்றார்கள், ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள், தம் இடத்தில் உள்ளூரார் நிற்க வழி செய்தார்கள். இரண்டு வாரப் பயணத்தில் பிள்ளைகளுடன் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது நமக்கு நல்ல அனுபவமாகலாம். ஆனால் பழகிய ஆசிரியர்கள் மாறி மாறி மறைவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது நன்மை ஆகாது.

ஆகவே, வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியராகச் செல்ல விரும்புவோர், குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டு தங்க இயலுமா என்று முதலில் சிந்திப்பது நலம். அழைக்கும் அமைப்பிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். நாம் செல்வதால் உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் ஊதியம் பறிபோகிறதா? நாம் திரும்பிய பின் அந்த வகுப்பை நடத்துபவர் யார்? கட்டணம் கேட்டால், அதில் பள்ளியைச் சென்றடைவது எவ்வளவு? பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன விதிமுறை உள்ளது? காவல்துறை நற்சான்று கேட்காத அமைப்பைவிடக் கேட்கும் அமைப்பே நம்பத்தக்கது. சுற்றுலா விசாவில் கற்பிக்கச் செல்வது பல நாடுகளில் சட்ட மீறல் ஆகும். உரிய விசா எது என்பதைத் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வங்கி தொடர்பான சில ஏற்பாடுகளையும் முன்கூட்டியே முடித்துவிடலாம். கணக்குடன் இணைந்த கைபேசி எண் வெளிநாட்டிலும் இயங்க வேண்டும். இல்லையேல் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேராது. அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அளிக்கும் உயிர்வாழ் சான்றிதழை 'ஜீவன் பிரமாண்' வழியாக மின்னணு முறையில் அனுப்பலாம். கணக்குகளிலும் வைப்புத்தொகைகளிலும் நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது குடும்பத்தாருக்கு நிம்மதி தரும். நெடுங்காலம் தங்கும் நோக்கத்துடன் செல்வோர், தமது சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டுமா என்பதைக் கிளையில் கேட்டறிவது அவசியம்.

பெட்டியில் இடம் இருந்தால், செல்லும் ஊரின் மொழியில் ஓர் அரிச்சுவடியையும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் நாள் வகுப்பில் நீங்களும் ஒரு மாணவர்தாம்.