ஆறும் அருவியும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

சென்ற தவணையிலே ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் பயிற்சி கொடுத்திருந்தோம். தலவாக்கலையில் அமைந்த மேல் கொத்மலைத் திட்டத்தைப் பற்றிய சிறு பந்தி அது. பந்தியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நாம் நாற்காலியில் அமர்ந்தோம். வெளியே மழை. தகரக் கூரையின் இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை, எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தனர். முதலில் எழுதி முடித்த மாணவன் கொப்பியை நீட்டினான். 'ஆறு சுரங்கத்தின் வழியாகத் திருப்பப்பட்டது' என்று வந்திருக்க வேண்டிய இடத்திலே, 'ஆறு சுரங்கத்தின் வழியாக மகிழ்விக்கப்பட்டது' என்று அழகான எழுத்திலே எழுதியிருந்தான்.

அதை நாம் உரக்க வாசித்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

பையன் சிரிக்கவில்லை. "சேர், டிக்‌ஷனரியில அப்படித்தான் போட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலட்டை போன சிறிய அகராதி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். அவனுடைய அக்காள் படித்து, அதற்கு முன் வேறு யாரோ படித்து, அவன் கைக்கு வந்த புத்தகம். 'டைவர்ட்' என்ற சொல்லுக்கு நேரே 'மகிழ்வி, களிப்பூட்டு' என்று இருந்தது. 'திருப்பு' என்ற பொருள் இருந்திருக்க வேண்டிய மூலை கிழிந்து போயிருந்தது. பிழை பையனுடையதன்று, அவன் தன்னிடமிருந்த நூலை நம்பினான். நாம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மணி அடித்துவிட்டது. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தோட்டப்புறத்துப் பாடசாலைகளிலே கற்பிப்போர்க்கு அப்படிப்பட்ட வெற்றிடத்தின் பொருள் தெரியும். ஒரு பிள்ளை ஆங்கிலப் பாடத்துக்கு அஞ்சத் தொடங்கினால், பிறகு பாடசாலைக்கே அஞ்சத் தொடங்கும்.

அன்றிரவு எமது பெரிய அகராதிகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரே சொல்லுக்கு ஆற்றைத் திருப்புவதும் மனிதனை மகிழ்விப்பதும் எப்படிப் பொருளாயின என்று தேடினோம். தேடியதைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இலத்தீன் மொழியிலே 'வெர்தெரே' என்றால் திருப்புதல். அதன் முன்னே 'வேறாக, அப்பால்' என்னும் பொருள்தரும் 'டிஸ்' என்ற ஒட்டு, 'டி' எனக் குறுகி நின்று, 'டிவெர்தெரே' ஆயிற்று: வேறுபக்கம் திருப்புதல். அது பிரெஞ்சு மொழிக்குள் நுழைந்து, அங்கிருந்து பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்குத் திருப்புதல் என்னும் பொருளே முதன்மையாக இருந்தது. வழியைத் திருப்பலாம், நீரைத் திருப்பலாம், எண்ணத்தையும் திருப்பலாம்.

மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? எம் வீடுகளிலே அழும் குழந்தைக்குத் தாய்மார் செய்வதை எண்ணிப் பார்த்தால் விளங்கிவிடும். குழந்தை வீரிட்டு அழுகிறது. தாய் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதோ பார் காக்கா!" என்று பராக்குக் காட்டுகிறாள். குழந்தையின் கண் திரும்புகிறது, அழுகை நிற்கிறது, சற்று நேரத்தில் சிரிக்கிறது. தாய் செய்தது திருப்புதல், விளைந்தது மகிழ்ச்சி. ஐரோப்பியர் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திவிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டிலே கவலையிலிருந்து மனத்தைத் திருப்புவது என்னும் கருத்து முதிர்ந்து, களிப்பூட்டுதல் என்னும் பொருள் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கால், மனிதன் தன் துன்ப நிலையை எண்ணாதிருக்கவே வேட்டை, சூதாட்டம் முதலிய பராக்குகளை நாடுகிறான் என்று வாதித்தார். அவர் கையாண்ட சொல்லும் இதன் உடன்பிறப்பே. போர்த்தொழிலாளரும் இச்சொல்லை விடவில்லை. ஒரு பக்கம் பொய்த்தாக்குதல் காட்டிப் பகைவன் கண்ணை அப்பால் திருப்புவதற்கும் அவர்களிடத்தே இதுதான் பெயர்.

இந்தக் குடும்பம் பெரியது. தீமையை அப்பால் திருப்பித் தடுப்பது 'அவர்ட்'. கவனத்தைத் தன்பால் திருப்புவது 'அட்வர்டைஸ்', அதாவது விளம்பரம். செய்யுளைக் குறிக்கும் 'வேர்ஸ்' என்பதும் இந்த வேரினதே. உழவன் ஒரு சால் ஓட்டி, வயலின் எல்லையில் ஏரைத் திருப்பி, அடுத்த சாலைத் தொடங்குவதுபோலச் செய்யுளின் வரி திரும்புகிறது என்று உரோமர் கண்டார்கள். தமிழர் செய்யுளின் வரியை 'அடி' என்றனர். நாம் நடையைக் கண்டோம், அவர்கள் உழவைக் கண்டார்கள். இன்னும் வியப்பு, திரும்பாமல் நேரே செல்வது என்னும் பொருளில் உரைநடைக்கு அமைந்த 'புரோஸ்' என்ற சொல்லும் அதே வினையிலிருந்து பிறந்ததே.

வடமொழியிலே இந்த வேருக்குச் சிற்றப்பன் பெரியப்பன் மக்கள் இருக்கிறார்கள். 'விருத்' என்னும் வடமொழி வினையும் இலத்தீன் 'வெர்தெரே'யும் ஒரே பழைய வேரின் கிளைகள் என்பது மொழிநூலார் ஒப்ப முடிந்த செய்தி. தாளத்தின் ஆவர்த்தனமும் சக்கரவர்த்தியும் அவ்வழி வந்தவை. நாம் பாடும் விருத்தம் அவ்வழி வந்தது. கோயில் அருச்சனைச் சீட்டிலே 'தோஷ நிவர்த்தி' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த நிவர்த்தியும் ஆங்கிலேயனின் 'அவர்ட்'டுக்கு நெருங்கிய உறவு. தமிழுக்கென்று தனியான குடும்பம் ஒன்று உண்டு. திரி, திருகு, திரும்பு, திருப்பம், மா அரைக்கும் திரிகை, இலக்கணத்தில் வரும் திரிபு, தொல்காப்பியர் கூறிய திரிசொல் ஆகியவெல்லாம் அதைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்துக்கு அந்தக் குடும்பத்தோடு கலியாண உறவு கிடையாது. எண்ணம் மட்டும் ஒன்று.

திரிபு என்றதும் எம் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் 'பரேட்' இங்கே பெரட்டு ஆயிற்று. வரிசை வீடுகளாகிய 'லைன்' லயம் ஆயிற்று. சங்கீதத்துக்கு உரிய சொல்லின் வடிவம் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு வந்து வாய்த்ததை என்னவென்பது!

நிற்க. உரோமர் 'டிவெர்தெரே' என்ற வினையின் பழைய வடிவிலிருந்து 'டிவோர்த்தியும்' என்றொரு பெயரைச் செய்துகொண்டார்கள். கணவனும் மனைவியும் வேறு வேறாகத் திரும்புவதற்கு அது பெயர். ஆங்கிலத்து 'டிவோர்ஸ்' அதுவே. ஆனால் அதே சொல் இரண்டு பாதைகள் பிரியும் இடத்தையும், மலைமுகட்டிலே நீர் இரு பக்கமாகப் பிரியும் கோட்டையும் குறித்தது. இதை வாசித்தபோது எமக்கு அட்டன் நகரம் கண்முன் வந்தது. அட்டன் அப்படிப்பட்ட முகட்டிலே இருக்கிறது. டிக்கோயாப் பக்கம் இறங்கும் மழைநீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைந்து களனி கங்கையாகிக் கொழும்புக்கு அருகே கடலிற் கலக்கும். வட்டவளைப் பக்கம் இறங்கும் நீர் மகாவலியோடு சேர்ந்து, நாட்டைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போய்ச் சேரும். ஒரே மேகம், ஒரே மழை.

அப்படி இயற்கை பிரித்துவிட்ட நீரை மனிதன் மறுபடியும் திருப்பினான். 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் விமலசுரேந்திரா, இந்த மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை படித்தார். பழைய இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இலேதான். 1965இல் காசல்ரீ அணையின் நீரால் ஓடும் நோர்ட்டன் நிலையம் வந்தது. அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். 1969இல் மவுசாக்கலை அணை வந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அதற்கு இடம்விட்டு நீரினுள் போயிற்று. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் இடிபாடு இன்றும் தலைகாட்டும். பார்க்கக் கூட்டம் கூடும். 1976இல் பொல்கொல்லையிலே மகாவலியின் நீரைச் சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கத்தால் வடக்கே உலர்வலயத்துப் பக்கம் திருப்பினார்கள்.

எமது பந்திக்குரிய மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து, சுமார் 13 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்தினுள்ளே செலுத்தி, நியங்கந்தொறவிலே நிலத்தடியில் 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அணைக்குக் கீழே இருக்கிறது சென்கிளயார் அருவி. 80 மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக அகன்று விழும் அதனை இலங்கையின் சின்ன நயாகரா என்பர். அட்டனிலிருந்து நுவரெலியா செல்வோர் வண்டியை நிறுத்தி, தேநீர் அருந்தி, படம் எடுத்து மகிழும் இடம். ஆற்றைச் சுரங்கத்துக்குத் திருப்பினால் அருவி என்னாவது? இதன் பொருட்டு ஆண்டுக்கணக்காக எதிர்ப்பு நடந்தது. முடிவில், பகற்பொழுதிலே குறித்த அளவு நீரை அருவிக்கு விடுவது என்று ஏற்பாடாயிற்று.

அகராதியின் இரண்டு பொருள்களும் ஓர் ஆற்றின் கரையிலே எதிரெதிராக நின்று வழக்காடிய கதை இதுவன்றோ! ஊர் பார்க்க வருவோர்க்கு அந்த நீர் களிப்பு. மின்சாரசபைக்கு அது திருப்பவேண்டிய நீர். வேடிக்கை பார்க்க விடும் நீர் மின்சாரத்துக்குக் குறைவு; மின்சாரத்துக்குப் போகும் நீர் வேடிக்கைக்குக் குறைவு. எமக்கு அருவியின் மேல் பற்று உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் இதனை எழுதும் மேசைவிளக்கு எந்த நீரால் எரிகிறதோ, யார் கண்டார்? லயத்துப் பிள்ளை குப்பிவிளக்கை விட்டு மின்விளக்கிலே படிப்பதும் சிறிய காரியமன்று.

மூன்றாம் நாள் மாலை பையனின் தோட்டத்துக்குப் போனோம். பணியக்கணக்கு லயம். அவன் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னே நின்றான். அவனுடைய அப்பாயி திண்ணையிலே அமர்ந்திருந்தார். எழுபது வயது கடந்தவர், பழைய மஸ்கெலியாவிலே பிறந்தவர். "வாங்க சாமி, உக்காருங்க" என்று சாயத்தண்ணி கொடுத்தார். பையனை அழைத்து, அவனுடைய அகராதி சொன்னது பொய்யன்று, நாம் சிரித்ததே பிழை என்று அவர் எதிரிலேயே சொன்னோம். மேலே எழுதிய கதையையும் சுருக்கமாகச் சொன்னோம். சென்கிளயார் வந்ததும் அவன் கதவை விட்டு வெளியே வந்துவிட்டான்.

"அப்ப சேர், ரெண்டும் ஒண்ணுதானா?"

"தொடக்கத்தில் ஒன்று. பிறகு வழி பிரிந்தது."

அப்பாயி கேட்டுக்கொண்டே இருந்தார். தேயிலை மலையிலே மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி குறுக்கே கான் வெட்டி ஓரத்துக்குத் திருப்பிவிடுவார்கள். இளமையிலே அந்த வேலை செய்தவராம். "இதுக்கா சாமி இவ்வளவு பேச்சு? மலையில நாங்க வெட்டுறோம்ல, அதுதான். ஆத்துக்குப் பெரிய கானா வெட்டி அந்தப் பக்கம் திருப்பிவுட்டானுங்க. எங்க ஊருக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றார்.

பையன் மறுநாள் வந்தான். கொப்பியிலே பழைய வரியை அடித்துவிட்டு, 'ஆற்றுக்கு மலையினுள்ளே கான் வெட்டித் திருப்பிவிட்டார்கள்' என்று எழுதியிருந்தான். 'கான்' என்னும் சொல்லின் கீழே கோடிடச் சிவப்புப் பேனாவை எடுத்தோம். பிறகு மூடி வைத்துவிட்டு, முழுப் புள்ளியும் போட்டோம்.