ஆபீஸ்ல உணவு நன்கொடை டிரைவ் நடத்தப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிட்டு இருந்த வீடியோல ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார்: "எங்க டீம்ல 40 பேர் சேர்ந்து ஒரு உணவு வங்கிக்கு ஏதாவது குடுக்கலாம்னு இருக்கோம். பொருளா குடுக்கணுமா, பணமாவா? டாக்ஸ்ல கழிவு கிடைக்குமா?" வீடியோல ரெண்டு நிமிஷத்துல முடிக்கிற விஷயம் இல்ல, அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல என் அனுபவத்தைச் சொல்லிடுறேன். சில வருஷம் முன்னாடி, சென்னை ஓஎம்ஆர்ல நான் வேலை பார்த்த ஆபீஸ்ல இதை நானே நடத்தினேன். பேன்ட்ரி பக்கத்துல பெரிய அட்டைப்பெட்டி வெச்சு, "உங்களால முடிஞ்சதைப் போடுங்க"ன்னு மெயில் அனுப்பினேன். மூணு வாரத்துல பெட்டி நிரம்பிடுச்சு. உள்ள என்ன இருந்ததுன்னு நினைக்கிறீங்க? பாதிக்கு மேல நூடுல்ஸும் க்ரீம் பிஸ்கட்டும். அடியில கிடந்த ரவை பாக்கெட் எப்படியோ கிழிஞ்சு வண்டு பிடிச்சு, பக்கத்துல இருந்த மாவுக்கும் பரவியிருந்தது. சில பாக்கெட்டுக்கு எக்ஸ்பைரி அடுத்த மாசம். எடுத்துட்டுப் போன முதியோர் இல்லத்துல அந்தம்மா சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாங்க. கிளம்பும்போது மட்டும், "அடுத்த தடவை ஒரு போன் பண்ணிட்டு வாங்க தம்பி, எங்களுக்குத் துவரம்பருப்பும் எண்ணெயும்தான் மாசக்கடைசியில தட்டுப்படும்"னாங்க. பல்லு இல்லாத பெரியவங்களுக்கு நான் க்ரீம் பிஸ்கட் கொண்டு போயிருந்தேன்.

அதனால முதல் வேலை, பெட்டி வாங்குறது இல்ல. போன் பண்றது.

உணவு வங்கின்னு ஒண்ணு முதன்முதலா வந்தது 1967ல, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துல உள்ள ஃபீனிக்ஸ் நகரத்துல. பொருளைச் சேர்த்து, தரம் பிரிச்சு, தேவைப்படுற இல்லங்களுக்கும் குடும்பங்களுக்கும் அனுப்புறதுதான் அதோட வேலை. நம்ம ஊர்ல இந்த மாதிரி மளிகையா வாங்கிக்கிற அமைப்புகளும் இருக்கு, கல்யாண மண்டபத்துல மிஞ்சுற சாப்பாட்டை எடுத்துட்டுப் போய்க் குடுக்கிற அமைப்புகளும் இருக்கு. 2014ல கோயம்புத்தூர்ல ஆரம்பிச்ச 'நோ ஃபுட் வேஸ்ட்' ரெண்டாவது வகை. அதே வருஷம் டெல்லியில ஆரம்பிச்ச 'ராபின் ஹூட் ஆர்மி' பணமே வாங்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி, அதான் கேட்டுட்டு ஆரம்பிங்கன்னு சொல்றேன். வீட்ல சமைச்சு எடுத்துட்டு வரலாமான்னு டீம்ல யாராவது கண்டிப்பா கேப்பாங்க. வேண்டாம். மிஞ்சின உணவைப் பகிர்றதுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2019ல தனி விதிமுறையே கொண்டு வந்திருக்கு. அந்தப் பொறுப்பை அதுக்குன்னு இருக்கிறவங்க பார்த்துக்கட்டும்.

பொருளா, பணமா?

ஆளுக்கு 500 ரூபாய்னு வெச்சாலும் 40 பேருக்கு 20,000 ரூபாய். எல்லாரும் தனித்தனியா சூப்பர் மார்க்கெட்ல கிலோ 160க்குப் பருப்பு வாங்கினா மொத்தம் 125 கிலோ. அதே பணத்தைச் சேர்த்து மொத்த வியாபாரக் கடையில 140க்கு வாங்கினா 142 கிலோ (விலை ஒரு கணக்குக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க). 17 கிலோ வித்தியாசம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம்னு பார்த்தா, 40 பேர் இருக்கிற இல்லத்துக்கு எட்டு நாள் சாம்பார். அரிசி வாங்குறதா இருந்தா 26 கிலோ மூட்டையையும் விசாரிங்க. 2022 ஜூலைல, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5% ஜிஎஸ்டி வந்தது. அதுக்கப்புறம்தான் இந்த 26 கிலோ மூட்டையே கடைக்கு வந்துச்சு!

ஆனா பணம் சேர்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்குது. எல்லாரும் உங்க ஜிபேக்கு அனுப்பிட்டா வேலை சுலபம்தான். ஆனா ரசீது உங்க ஒருத்தர் பேர்லதான் வரும், மத்த 39 பேருக்கும் ஒண்ணும் கிடைக்காது. இன்னொண்ணு, உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல 50,000 ரூபாய்க்கு மேல இலவசமா வந்தா, அந்த மொத்தத் தொகையும் உங்க வருமானமா பார்க்கப்படும்னு சட்டம் இருக்கு. நீங்க வாங்கிக் குடுக்கிற ஆள் மட்டும்தான், அது உங்க பணம் இல்ல. ஆனா கேள்வி வந்தா அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கதான். யார் எவ்வளவு குடுத்தாங்க, எந்தக் கடையில என்ன பில், எல்லாத்தையும் ஒரு கூகுள் ஷீட்ல போட்டு டீமுக்கே ஷேர் பண்ணிடுங்க.

இப்போ 80ஜி. இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அரிசி, பருப்பு மாதிரி பொருளா குடுத்தா 80ஜி கழிவு கிடையாது. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தாலும் கிடையாது. எல்லாத்துக்கும் மேல, புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு 80ஜியே கிடையாது. நீங்களா மாத்தலைன்னா 2023-24ல இருந்து புது முறைதான் டிஃபால்ட்.

பழைய முறையில இருக்கிற ஒருத்தர், 80ஜி பதிவு இருக்கிற அறக்கட்டளைக்கு நேரடியா யுபிஐல 5,000 அனுப்புறார்னு வைங்க. இந்த மாதிரி அமைப்புகள்ல பெரும்பாலானதுக்கு 50% கழிவு, அதாவது 2,500. 20% ஸ்லாப்ல இருந்தா, செஸ்ஸோட சேர்த்து மிச்சம் 520 ரூபாய். அதுக்கு அந்த அமைப்பு தர்ற 10பிஇ சான்றிதழ் வேணும், ரசீது மட்டும் போதாது. பணம் அனுப்பும்போதே பான் நம்பரையும் குடுத்துடுங்க.

அதனால நான் ரெண்டாவது தடவை பண்ணினது இதுதான். பழைய முறைக்காரங்க அவங்கவங்க அக்கவுண்ட்ல இருந்து நேரா அறக்கட்டளைக்கே அனுப்பினாங்க. புது முறைக்காரங்க மளிகைக் கடையோட க்யூஆர் கோடுக்கே அனுப்பினாங்க, பொருள் கடையில இருந்து நேரா இல்லத்துக்குப் போயிடுச்சு. என் அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய்கூட வரல. ஆபீஸ்ல ஒரு வாரம்தான் நடத்தினோம், பெட்டியே வைக்கல.

கம்பெனிகிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சிஎஸ்ஆர் செலவுக்குச் சட்டத்துல இருக்கிற பட்டியல்ல பசி ஒழிப்பு முதல் வரியிலயே இருக்கு. ஊழியர்கள் போட்ட அளவுக்குத் தாங்களும் போடுற கம்பெனிகள் உண்டு. எச்ஆருக்கு ஒரு மெயில்தானே.

ஒரு விஷயத்துல மட்டும் நான் பிடிவாதமா இருப்பேன். யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு நோட்டீஸ் போர்டுல போடாதீங்க. டீமுக்கு ஷேர் பண்ற ஷீட்லயும் பேருக்குப் பதிலா நம்பர் போடுங்க. முதல் தடவை நான் போட்ட லிஸ்டைப் பார்த்துட்டு ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தங்க 200 ரூபாய் கொண்டு வந்து நீட்டினாங்க. அவங்க சம்பளம் வர இன்னும் நாலு நாள் இருந்தது. வேண்டாம்னு சொல்லவும் முடியல, வாங்கவும் கை வரல.