இருபத்தொன்றாவது கட்டம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கெடு நெருங்கியபோது வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பமாக இருந்தது: 'அப்டேட் போட்டால் போன வருஷம் மாதிரி நீலத்திரை வந்துவிடாதா?'

அவர்கள் சொன்ன நீலத்திரைக்குக் காரணம் விண்டோஸ் அப்டேட்டே அல்ல. 2024 ஜூலை 19 காலை, இந்திய நேரம் 9.39-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் 'ஃபால்கன்' பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும்விட்டது. அதற்குள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் கணினிகள் முடங்கின. இங்கே இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு மாற்றம் எதையெதைத் தொடும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் தாக்க ஆய்வு. இந்தக் கோப்பு அதிலிருந்து நழுவியதற்கு அதன் பெயரே போதுமானதாக இருந்தது. நிறுவனத்தின் அகராதியில் அது நிரல் அல்ல, டிரைவர் அல்ல, வெறும் 'உள்ளடக்கம்'. நிரலென்றால் 'ஒரு பதிப்பு பின்தங்கியே வரட்டும்' என்று வாடிக்கையாளர் சொல்லி வைக்கலாம். உள்ளடக்கத்துக்கு அப்போது அந்தத் தடுப்பு இருக்கவில்லை. ஒரே வீச்சில் எல்லோருக்கும் போனது. டிரைவர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைப் படித்தது விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் டிரைவர்.

கோளாறு பிப்ரவரியிலேயே உள்ளே வந்துவிட்டது. இத்தகைய உள்ளடக்கத்துக்கான புதிய வார்ப்புரு 21 விவரங்களை எதிர்பார்த்தது. டிரைவர் பக்கத்து நிரல் 20 மட்டுமே கொடுத்தது. மார்ச் சோதனையிலும் சரி, ஏப்ரலில் அனுப்பியவற்றிலும் சரி, 21-ஆவது கட்டத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறியே இருந்தது. எதுவானாலும் சரி என்றால் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லையே! ஜூலையில்தான் முதன்முறையாக அங்கே ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் தேடச் சொன்னார்கள். டிரைவர் தனக்கு ஒதுக்காத நினைவகத்தில் கைவைத்தது, விண்டோஸ் விழுந்தது.

அனுப்புமுன் சரிபார்க்கும் கருவி? அதுவும் 21 வரும் என்றே நம்பியிருந்தது. முந்தையவை ஒழுங்காக ஓடின என்ற தைரியத்தில் இது கிளம்பிவிட்டது.

திரும்பப் பெற்ற பிறகும் ஏன் சரியாகவில்லை? கணினி எழுந்தால்தானே புதிய கோப்பு இறங்கும். பலவற்றில் சேஃப் மோடில் போய்க் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக் கணினியில் ஃபால்கன் இருக்குமா? அநேகமாக இருக்காது, அது நிறுவனங்கள் வாங்குவது.

இப்போது? உள்ளடக்கமும் படிப்படியாகவே போகும் என்கிறது நிறுவனம்.

விண்டோஸ் 10 அப்டேட்? பேக்கப் எடுத்துவிட்டுப் போடலாம். ஆதரவு முடிந்தாலும், நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை வரும்.