உத்திரமேரூர் குடவோலை: அந்தக் குடத்துக்குள் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை?

2020 டிசம்பர் 10. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, தன் பேச்சில் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். அதிலிருந்து அந்தக் கல்வெட்டின் படம் அடிக்கடி நம்ம வாட்ஸ்அப்புக்கு வருது. ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் தேர்தல் நடத்தினான்’ என்ற வரி கூடவே வரும்.

பெருமைப்பட வேண்டிய கல்வெட்டுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அதை முழுசா ஒருமுறை படிச்சுப் பார்க்கலாம். ஏன்னா, யார் போட்டியிடலாம் என்று சொல்லும் அதே கல்வெட்டு, யார் போட்டியிட முடியாது என்பதையும் சொல்கிறது.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இந்தக் கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் காலம். ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. ஊரின் அன்றைய பெயர் உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலம். அதாவது, பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்ட ஊர்.

ஊர் 30 குடும்புகளாக (இன்றைய வார்டு மாதிரி) பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சபை முழுக்கக் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். இப்படி வந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக் காலம் 360 நாட்கள்.

கவனிச்சீங்களா? இதில் ஓட்டுப் போடுவது என்பதே இல்லை. இது குலுக்கல் முறை. இது குறை என்று சொல்ல முடியாது. சிபாரிசும் கோஷ்டியும் நுழையாமல் தடுக்க நல்ல வழிதான்.

இன்னொரு விதி இன்றைக்கும் உதவும்: முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது.

அப்போ, தகுதி உள்ளவர் யார்?

நான்கு முக்கிய நிபந்தனைகள்:

• வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்.
• சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும்.
• வயது 35-க்கு மேல், 70-க்குள்.
• வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லித்தரத் தெரிந்தவர் என்றால் அரைக்கால் வேலி நிலம் போதும்.

தகுதி இழப்பவர்களின் பட்டியலில் திருடியவர், பெரும் பாவம் செய்தவர் ஆகியோருடன் இன்னொரு பிரிவும் வருகிறது. ‘கீழோர்’ எனக் கருதப்பட்டவர்களோடு பழகித் தள்ளிவைக்கப்பட்டவர், பிராயச்சித்தம் செய்யும்வரை தகுதியற்றவர்.

வேதம் கற்பது அன்றைக்கு யாருக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியை ஆண்டுதோறும் தூர் வாரியவர்கள், அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட பெண்கள், நிலமற்ற உழவுக் கூலிகள் யாருடைய ஓலையும் குடத்துக்குள் போகவில்லை.

‘சதுர்வேதிமங்கலத்தில் அப்படி, மற்ற ஊர்களில்?’ என்று கேட்கலாம். பிராமணர் அல்லாத ஊர்களில் ‘ஊர்’ என்ற சபை இருந்தது. வணிகர்களுக்கு ‘நகரம்’ இருந்தது. ஆனால் ‘ஊர்’ சபையிலும் அமர்ந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்களே. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கில் ‘ஊர்நத்தம்’ தனியாகவும் ‘பறைச்சேரி’, ‘கம்மாணச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ ஆகியவை தனியாகவும் குறிக்கப்பட்டுள்ளன. ஊர் வேறு, சேரி வேறு என்ற வரைபடம் அப்போதே கல்லில் ஏறிவிட்டது.

இதில் ஒரு விசித்திரம். உத்திரமேரூர் கல்வெட்டில் ‘சேரி’ என்ற சொல் அக்ரஹாரத் தெருக்களைத்தான் குறிக்கிறது. அப்படி 12 சேரிகள் இருந்தன. அன்று ‘குடியிருப்பு’ என்று பொதுவாகப் பொருள்பட்ட சொல் இன்று யாரைக் குறிக்கிறது என்று நமக்குத் தெரியும். சாதி மொழிக்குள்ளேயும் வேலை செய்யும்.

பூட்டு 1: நிலமும் மனையும்

சமூக சீர்திருத்தம் என்றதும் மேடைப் பேச்சு, கோயில் நுழைவு என்றுதான் ஞாபகம் வரும். ஆனால் கல்வெட்டின் முதல் இரண்டு நிபந்தனைகள் நிலமும் மனையும். அந்தப் பூட்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அப்படியே இருந்தது.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், மாவட்டத்தின் பறையர் மக்கள் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உத்திரமேரூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மக்கள் குடியிருக்கும் மனைகூட அவர்கள் பெயரில் இல்லை, மிராசுதாரர்களின் பிடியில் இருக்கிறது என்பது அவர் எழுதியவற்றில் முக்கியமானது. எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே விரட்டலாம். அப்படி இருக்கும் ஒருவர் கூலியை உயர்த்திக் கேட்பார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

இதன் தொடர்ச்சியாக 1892-ல் அரசாணை வந்தது. ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் ‘பஞ்சமி நிலம்’ என்கிறோம். சென்னை மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இருந்தும் பெரும்பகுதி கைமாறிப்போனது.

1994-ல் இதே பகுதியில் உள்ள காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். அறிக்கை எழுதி நூறு வருஷம் கழித்தும் நிலம் கேட்டதற்குக் கிடைத்தது குண்டு.

பூட்டு 2: படிப்பும் பொதுவழியும்

மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். உத்திரமேரூரிலிருந்து அதிக தூரமில்லை. 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசையாகச் சொல்லப்பட்ட பெயரை முகப்பில் அச்சிட்டு விற்றார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் சேர்ந்து ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகப் பங்கேற்றார். அயோத்திதாசரின் முயற்சிகளும், சென்னையில் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளிகளும் அதே காலத்தவை.

1924-ல் சென்னை சட்டசபைத் தீர்மானத்தின் அடிப்படையில், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அரசாணை வந்தது. தெருவில் நடப்பதற்கே அரசாணை தேவைப்பட்ட ஊரில், சபையில் உட்காருவது எவ்வளவு தூரம் என்று யோசிச்சுப் பாருங்க.

பூட்டு 3: நாற்காலி

1948 நவம்பர் 4. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைப் புனிதப்படுத்தும் பேச்சைக் கடுமையாக விமர்சித்தார். குறுகிய மனப்பான்மையும் சாதி இறுக்கமும் நிறைந்த இடத்தை ஜனநாயகத்தின் அடிப்படை அலகாக எப்படி ஏற்பது என்பதே அவர் வாதம். பலர் கோபப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் கிராமப் பஞ்சாயத்துகளை ஆதரிக்கும் பிரிவு 40 சேர்க்கப்பட்டது.

அவர் சொன்னதில் இருந்த எச்சரிக்கைக்குப் பதில் 45 வருஷம் கழித்து வந்தது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம், மக்கள்தொகை விகிதப்படி ஊராட்சித் தலைவர் பதவிகளைப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கியது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாடு அதை 2016-ல் 50 சதவீதமாக உயர்த்தியது.

சட்டம் வந்ததும் எதிர்ப்பும் வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவருடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தலிலும் 1996-லிருந்து பத்து வருஷம் முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு போட ஆள் இருக்க மாட்டார்கள். ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்யவைப்பார்கள். 2006-ல்தான், த.உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோது, தேர்தல் ஒழுங்காக நடந்தது.

இப்போ எல்லாம் மாறிடுச்சா?

2020 ஆகஸ்ட் 15. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் தேசியக் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு மாவட்ட நிர்வாகமே வந்து அவரைக் கொடியேற்ற வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் வைரலானது. வழக்கும் கைதுகளும் தொடர்ந்தன. 2022 சுதந்திர தினத்துக்கு முன்பு, தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கேமராவில் சிக்காத வழியும் ஒன்று இருக்கு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வரும். துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது, அவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்கு பல்பு மாற்றுவதுகூட நின்றுபோகும். பிறகு ‘அவங்களுக்கு நிர்வாகம் தெரியலை’ என்று பேச்சு வரும்.

நாம் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

• பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ மிரட்டிப் பணி செய்யவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி தனிக் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.
• போட்டியிடாதே, மனுவை வாபஸ் வாங்கு என்று கட்டாயப்படுத்துவதும் அதே சட்டத்தில் வரும்.
• இன்று போட்டியிட 21 வயது போதும். நிலமோ மனையோ வேதமோ தேவையில்லை.
• ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளோடு, மார்ச் 22, நவம்பர் 1 அன்றும் கிராம சபை கூட வேண்டும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கலந்துகொண்டு கேள்வி கேட்கலாம், கணக்கும் கேட்கலாம்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்தாலும் பலருக்கு ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கு. அடுத்த கிராம சபைக்கு லீவு கிடைத்தால் போய்ப் பாருங்க. வரவு செலவு வாசிக்கும்போது தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், தீர்மான நோட்டு யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்க. தலைவருக்கு நாற்காலி இல்லை என்றால், அதை அந்தக் கூட்டத்திலேயே எழுந்து கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.