நெப்போலியன் படையைக் கொன்றது பனி மட்டும்தானா? 1812-ல் வீரர்களும் மக்களும் பட்ட பாடு!

2001-ம் ஆண்டு, லிதுவேனியா தலைநகர் வில்னியஸ். பழைய ராணுவக் குடியிருப்பு இருந்த இடத்தில் கட்டுமானப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. ஒன்று, இரண்டு இல்லை. 3,000-க்கும் மேல்!

யார் இவர்கள்? கூடவே கிடைத்த சீருடைப் பொத்தான்களும் நாணயங்களும் பதில் சொல்லிவிட்டன. 1812-ல் ரஷ்யா மீது படையெடுத்துப் போய், திரும்பி வரும் வழியில் செத்துப்போன நெப்போலியனின் வீரர்கள்.

'ரஷ்யாவின் பனிதான் நெப்போலியனைத் தோற்கடித்தது' என்று கேட்டிருப்போம். அது பாதிக் கதைதான். மீதிக் கதை என்ன? பார்க்கலாம்.

எதற்காக இந்தப் படையெடுப்பு?

பிரிட்டனோடு ஐரோப்பிய நாடுகள் எதுவும் வியாபாரம் செய்யக்கூடாது என்பது நெப்போலியன் போட்ட தடை. ரஷ்யாவின் ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டர் அதை மதிக்கவில்லை. ரஷ்யாவைப் பணிய வைக்க, 1812 ஜூன் 24-ல் நெப்போலியனின் படை நெமான் ஆற்றைக் கடந்தது.

அடுத்தடுத்து போய்ச் சேர்ந்தவர்களையும் சேர்த்து சுமார் 6 லட்சம் பேர். இதில் பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் இல்லை. போலந்து, ஜெர்மன், இத்தாலி, டச்சு, சுவிஸ் என பல நாட்டு இளைஞர்கள். 'கட்டாயம் வரணும்' என்று பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் ஏராளம்.

முதல் எதிரி பனி இல்ல... வெயில்!

அவர்கள் கிளம்பியது கோடைக்காலத்தில். கொளுத்தும் வெயில், நடுவில் திடீர் பேய்மழை. தார்ச்சாலை இல்லாத காலம். நல்ல சாலைகளுக்காகச் செய்த கனமான வண்டிகள் சேற்றில் சிக்கிக்கொண்டன. சாப்பாடு பின்னாலேயே நின்றுவிட்டது, வீரர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

தீவனம் இல்லாமல் விளையாத பச்சைப் பயிரைத் தின்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்தன.

யாகோப் வால்டர் என்ற ஜெர்மன் வீரர் இந்தப் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். ஊரில் அவருக்குக் கல்கொத்தர் வேலை. தாகம் தாங்காமல் சதுப்பு நிலத்தில் குழி தோண்டினார்களாம். ஊறிய தண்ணீர் செம்பழுப்பு நிறம், அதில் சின்னச் சின்ன சிவப்புப் புழுக்கள். வாயில் துணியை வைத்து, அது வழியாக உறிஞ்சிக் குடித்திருக்கிறார்கள்.

விளைவு? வயிற்றுப்போக்கு, காய்ச்சல். பெரிய சண்டை எதுவும் நடக்கும் முன்பே படை கரைய ஆரம்பித்தது.

மக்கள் எங்கே போனார்கள்?

ரஷ்யப் படை சண்டை போடாமல் பின்வாங்கிக்கொண்டே போனது. போகும்போது கிடங்குகளைக் கொளுத்தியது. கிராமத்து மக்கள் தானியத்தை மறைத்துவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். மிச்சம் இருந்ததைப் பசியோடு வந்த வீரர்கள் சூறையாடினார்கள். வந்தவனும் எரித்தான், சொந்தப் படையும் எரித்தது. நடுவில் வீடு இழந்தது விவசாயிதான்.

ஆகஸ்ட்டில் நடந்த சண்டையில் ஸ்மோலென்ஸ்க் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. செப்டம்பர் 7-ல் போரோடினோ. ஒரே நாளில் இரு தரப்பிலும் சுமார் 70,000 பேர் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள்.

செப்டம்பர் 14-ல் நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தபோது நகரம் கிட்டத்தட்ட காலி. போக வழியில்லாத ஏழைகளும், நகர முடியாத காயம்பட்ட ரஷ்ய வீரர்களும்தான் இருந்தார்கள். தீயணைப்புக் கருவிகளையும் ஆளுநர் ரோஸ்தோப்சின் வெளியே அனுப்பிவிட்டார். அன்றே தீ பிடித்தது. நகரத்தின் முக்கால் பங்கு சாம்பல். காயம்பட்டுக் கிடந்தவர்களில் பலர் தீயிலேயே மாண்டார்கள்.

திரும்பிய பாதைதான் மரணப் பாதை

ஜார் சமாதானத்துக்கு வருவார் என்று 5 வாரம் காத்திருந்தார் நெப்போலியன். பதில் வரவில்லை. அக்டோபர் 19-ல் சுமார் 1 லட்சம் பேரோடு கிளம்பினார். உணவைவிட கொள்ளையடித்த பொருட்கள்தான் வண்டிகளில் அதிகம்.

வேறு வழியாகத் திரும்பலாம் என்ற திட்டம், மலோயரோஸ்லாவெட்ஸ் சண்டைக்குப் பிறகு கைவிடப்பட்டது. வந்த வழியிலேயே போக வேண்டிய நிலை. அதாவது, தாங்களே சூறையாடிக் காலி செய்த அதே சாலை!

போரோடினோவைக் கடந்தபோது, 7 வாரத்துக்கு முன் செத்தவர்கள் புதைக்கப்படாமல் அப்படியே கிடந்தார்கள். அதில் தங்கள் நண்பர்களும் இருந்தார்கள்.

நவம்பர் தொடக்கத்தில்தான் பனி வந்தது. பனிக்கான லாடம் இல்லாத குதிரைகள் வழுக்கி விழுந்தன. விழுந்த குதிரையை அறுத்துச் சாப்பிட்டார்கள். உப்பு இல்லை, துப்பாக்கி வெடிமருந்தைத் தூவிக்கொண்டார்கள். கூட்டத்தை விட்டு விலகியவர்கள் ரஷ்ய கொசாக் வீரர்களிடமோ, பழிவாங்கக் காத்திருந்த விவசாயிகளிடமோ சிக்கினார்கள்.

பெரெசினா: உறையாத ஆறு

நவம்பர் 26. முன்னால் பெரெசினா ஆறு, சுற்றிலும் ரஷ்யப் படைகள். குளிர் சற்றுக் குறைந்ததால் ஆறு முழுசா உறையவில்லை. உறைந்திருந்தால் நடந்தே போயிருக்கலாம்!

ஜெனரல் எப்ளேயின் ஆட்கள், பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் நின்றபடி மரப்பாலங்கள் கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பவில்லை.

படைக்குப் பின்னால் மக்களும் வந்தார்கள். வீரர்களின் குடும்பங்கள், மாஸ்கோவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்கள், பெண்கள், குழந்தைகள். நவம்பர் 29 காலை, ரஷ்யப் படை பின்தொடராமல் இருக்கப் பாலங்கள் கொளுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றும் 'பெரெசினா' என்றால் பெரும் நாசம் என்று அர்த்தம்.

எலும்புகள் சொன்ன சேதி

டிசம்பர் 5-ல் படையை விட்டுவிட்டு நெப்போலியன் பாரிஸுக்குக் கிளம்பினார். தோல்வியை மக்களுக்குச் சொன்ன அரசு அறிக்கை, பேரரசரின் உடல்நலம் மிக நன்றாக இருக்கிறது என்ற தகவலோடு முடிந்தது.

அதே நாட்களில் மைனஸ் 30 டிகிரி குளிரில் வில்னியஸை அடைந்த வீரர்கள், தெருவிலும் மருத்துவமனைகளிலும் செத்து விழுந்தார்கள். 2001-ல் கிடைத்தது அவர்களின் எலும்புகள்தான். 2006-ல் வெளியான ஆய்வு, பேன் மூலம் பரவும் டைபஸ், அகழிக் காய்ச்சல் ஆகிய நோய்களின் தடயங்களைக் கண்டது. 2025-ல் வேறு 13 வீரர்களின் பற்களை ஆராய்ந்தபோது, பாராடைபாய்டும் பேன் பரப்பும் மற்றொரு காய்ச்சலும் தெரியவந்தன.

ஜெயித்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

பிரெஞ்சுப் பொறியாளர் மினார்ட் 1869-ல் வரைந்த புகழ்பெற்ற வரைபடத்தில், ஆற்றைக் கடந்தவர்கள் 4,22,000. மாஸ்கோவில் 1,00,000. திரும்பியவர்கள் 10,000. வழியில் காவலுக்குப் பிரிந்து போனவர்களைக் கழித்தாலும், பனிக்கு முன்பே காணாமல் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

விரட்டி வந்த குதுசோவின் ரஷ்யப் படையும் பசி, குளிர், நோயால் பாதிக்கும் மேல் ஆட்களை இழந்தது.

1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி இழந்தார். வீட்டையும் விளைச்சலையும் இழந்த ரஷ்ய விவசாயிகள், பண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைக்கும் என எதிர்பார்த்தார்கள். அதே ஆண்டு ஜார் வெளியிட்ட அறிக்கை, அவர்களுக்கான வெகுமதியைக் கடவுள் தருவார் என்றது. அவ்வளவுதான்.

அந்த விடுதலை வந்தது 1861-ல். போரைப் பார்த்த தலைமுறையில் பலர் அப்போது உயிரோடு இல்லை.