தன்னையே உண்ணும் உயிரணு

சென்ற விடுமுறையில் நண்பர் நால்வர் பொன்முடிக்குச் சென்றோம். மலையேறும் வழியில் வனத்துறைச் சாவடிக் காவலர் எங்கள் பைகளைத் துழாவினர். அப்போது மாமா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு வாய்ப்புற்றுக்காகச் சிகிச்சைக்கு வந்திருந்த அவர், “உடம்புக்குள்ளே காவலே கிடையாதா மக்கா?” என்றார். அன்று விழித்தேன். இன்று எழுதுகிறேன்.

காவல் உண்டு. கிருமிகளின் உறைப்பொருளைத் தொட்டறியும் ஏற்பிகள் நம் உயிரணுக்களில் உள்ளன. அவற்றில் ஒரு குடும்பம் ‘டோல்’ வகை. டோல் மரபணு பழுதுபட்ட பழ ஈக்கள் பூஞ்சணத்துக்கு எளிதில் இரையாவதை 1996இல் ஜூல் ஹாஃப்மன் குழுவினர் கண்டனர். எலியிலும் இத்தகைய காவல் உண்டென்பதை 1998இல் புரூஸ் பாய்ட்லர் காட்டினார். இருவரும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஆனால் காவலன் ஓயாது கூவினால் ஊர் உறங்குமா? கிருமியோ புண்ணோ ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அழற்சியும் நீடிக்கும். அழற்சியில் சுரக்கும் பொருள்கள் உயிரணுக்களைப் பெருகத் தூண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி குடியேறிய இரைப்பையில் சிலருக்குப் புற்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனித் தன்னுண்ணல். பழுதுபட்ட தன் உறுப்புகளை உயிரணு ஒரு சவ்வுப் பையில் கட்டி, லைசோசோமிடம் செரிக்கக் கொடுக்கிறது. செரித்தவை மீண்டும் அதற்கே உணவாகின்றன. காட்டில் உதிர்ந்த இலை மக்கி மரத்துக்கே உரமாவது போன்றது இது. 1963இல் இதற்குப் பெயரிட்டவர் கிறிஸ்டியன் டி டூவ். ஈஸ்ட்டில் இதன் மரபணுக்களைத் தேடிக் கண்ட யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

குப்பை அகன்றால் புற்றுக்கு இடமில்லை என்றுதான் தோன்றும். பெக்லின்-1 என்னும் தன்னுண்ணல் மரபணுவை மார்பகப் புற்றணுக்களில் மீண்டும் செயற்படச் செய்தபோது, அவை கட்டி உண்டாக்கும் ஆற்றல் குறைந்ததை 1999இல் பெத் லெவின் குழுவினர் காட்டினர். ஆனால் கட்டி வளர்ந்தபின் கதை மாறுகிறது. இரத்தம் எட்டாத நடுப்பகுதியில் பட்டினி கிடக்கும் புற்றணு, தன்னையே தின்று உயிர் பிழைக்கிறது. மருந்தின் தாக்குதலையும் தாங்கிக்கொள்கிறது. ஆகவேதான் மலேரியா மருந்தான குளோரோகுயினைக் கொண்டு தன்னுண்ணலைத் தடுத்துப் பார்க்கின்றனர். எப்போது வளர்ப்பது, எப்போது தடுப்பது? எனக்கு இதுவே கடினமான முடிச்சாகப் படுகிறது.

இவ்விரண்டும் தனித்தனி அல்ல. டோல் ஏற்பி தூண்டப்பட்டால் தன்னுண்ணலும் முடுக்கப்படுகிறது. அவ்வாறு தூண்டப்பட்ட நுரையீரல் புற்றணுக்கள் முன்னிலும் மிகுதியாக இடம்பெயர்ந்து ஊடுருவியதை 2014இல் ஓர் ஆய்வு கண்டது.

இவற்றில் பாதிதான் மாமாவுக்கு விளங்கியது. “முப்பது வருசம் புகையிலை போட்டேனே, அதைச் சொல்லு” என்றார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நலப்பணியாளர் வீடுதோறும் சென்று வாயைச் சோதித்த ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. இதைச் சொன்னேன். அடுத்த வாரமே தம் தம்பியையும் அழைத்துவந்து வாயைக் காட்டச் செய்தார்.