மான்யம் கேட்கும் ஊர் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் செல்லும்போது, பஞ்சாயத்து உறுப்பினர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு பெரிய நிறுவனம் பக்கத்தில் இருக்கிறதே, எங்கள் ஊருக்கு ஒரு குடிநீர்த் தொட்டி கிடைக்காதா?" என்பதே அது. கேள்வி நியாயமானது. ஆனால் யாரிடம், எவ்வழியில், எந்த ஆவணங்களோடு கேட்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இது தர்மம் அன்று. 1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கு இவ்வட்டாரத்து மக்களே நிலம் கொடுத்தார்கள். நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் நடைபெறும். ஆகவே சுரங்கத்தின் பயனில் சுற்றுப்புற ஊர்களுக்கும் பங்கு உண்டு. அதனைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்பங்கைப் பெறுவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டும் கம்பெனியும் இப்பிரிவுக்கு உட்பட்டதே. அத்தகைய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவிகிதத்தைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், கிராம முன்னேற்றம் ஆகியவை இதில் அடங்கும். தூர்ந்து கிடந்த வாலாஜா ஏரி, நெய்வேலி நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியால் தூர் வாரப்பட்டது இதற்குக் கண்முன் உள்ள சான்று. சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரும் அந்த ஏரியை அடைந்து வயல்களுக்குப் பயன்படுகிறது.

ஓர் அறக்கட்டளையோ சங்கமோ இந்நிதியைப் பெற்றுப் பணி செய்ய விரும்பினால், அது பதிவு பெற்றிருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின்படி அறநிலையத்துக்குரிய பதிவுகளும், மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசிடம் தனிப் பதிவு எண்ணும் பெற வேண்டும். பதிவு பெறாத மகளிர் குழுவும் இளைஞர் மன்றமும் மனம் தளர வேண்டியதில்லை. தேவையைப் பஞ்சாயத்தின் மூலம் தெரிவித்து, பணியை நிறுவனமே செய்து தருமாறு கேட்கலாம்.

மாவட்டக் கனிம அறக்கட்டளை

சுரங்கச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சுரங்கம் நடத்துவோர் அரசுக்குச் செலுத்தும் உரிமத் தொகைக்கு மேலாக, அதில் ஒரு பங்கை இந்த அறக்கட்டளைக்குச் செலுத்துகின்றனர். 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகைகளுக்கு இப்பங்கு 30 சதவிகிதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்காகவே ஏற்பட்ட நிதி இது. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குச் செல்ல வேண்டும்.

நமக்கு நாமே திட்டம்

இதில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த, எஞ்சியதை மாநில அரசு வழங்குகிறது. சிறிய பணிகளுக்கு ஏற்ற வழி இது. தம் பணமும் சேர்ந்து கட்டிய கட்டடத்தை ஊரார் பாழாக விட மாட்டார்கள்.

ஊர் செய்ய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் இளைஞர்கள் படிப்பகம் வேண்டி விண்ணப்பித்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தபோது, காட்டிய இடம் நீர்வழிப் புறம்போக்கு என்று தெரிந்தது. விண்ணப்பம் திரும்பியது; ஓர் ஆண்டு வீணாயிற்று. போட்டித் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்த பிள்ளைகள் அவ்வாண்டும் பேருந்தேறி வெளியூர் நூலகத்துக்கே சென்றார்கள். மறு ஆண்டு கிராம நத்தத்தில் வேறு இடம் தேர்ந்து, கிராம சபைத் தீர்மானத்தோடு அனுப்பினார்கள். படிப்பகம் எழுந்தது. முதலில் குறைந்தது நிதி அன்று, ஆயத்தமே.

ஆகவே விண்ணப்பத்தோடு இவற்றை இணைக்க வேண்டும்: கிராம சபைத் தீர்மானம், நிலத்தின் சர்வே எண்ணும் வகைப்பாடும் காட்டும் நகல், பொறியாளர் தயாரித்த மதிப்பீடு, பயன் பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை, கட்டிய பிறகு மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் யார் ஏற்பார் என்ற உறுதி. கடைசியாகக் கூறியதை மறந்ததனால் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை நாம் காணாமல் இல்லை. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஊரின் தேவைகளை வரிசைப்படுத்தித் தீர்மானம் இயற்றலாம்.

மான்யம் வாங்கித் தருவதாகக் கூறிக் கமிஷன் கேட்பவரை அருகில் சேர்க்கலாகாது. விண்ணப்பம் கொடுப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பெற்ற தொகைக்குப் பைசா பிசகாமல் கணக்கு வைத்து, அதனைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். கணக்கு ஒழுங்காக உள்ள ஊர், அடுத்த முறை கேட்கும்போது தலை நிமிர்ந்து கேட்கலாம்.

வரும் கிராம சபைக்கு இன்றே ஆயத்தம் செய்வோமாக.